‘நிறைவேற்றப்பட்டது’ என்று எழுதுமுன் குட்டையில் ஒரு கழியை நடுங்கள்

கேள்வி: வணக்கம் சார். சுற்றுச்சூழல் பொறியியல் படித்துவிட்டு ஐந்து மாதமாக ஒரு திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் பிரிவில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். (நிறுவனம், மாநிலம் இரண்டையும் வெளியிட வேண்டாம்.) சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைகள் எந்த அளவுக்கு நிறைவேறின என்று சொல்லும் அரையாண்டு அறிக்கை டிசம்பர் 1ஆம் தேதிக்குள் போக வேண்டும். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஒரு பென்டிரைவைக் கொடுத்து, "போன தடவை அனுப்பினது இதுல இருக்கு, தேதியை மாத்திட்டு அனுப்பிடு" என்றார். திறந்தால் 64 நிபந்தனைகள். எல்லாவற்றுக்கும் நேரே ‘நிறைவேற்றப்பட்டது’, ‘நிறைவேற்றப்பட்டு வருகிறது’, ‘குறித்துக்கொண்டோம்’ என்று மூன்றே பதில்கள். ஒரு வாரம் நானே சுற்றிப் பார்த்தேன். பட்டியலில் 12 பீசோமீட்டர் (நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் குழாய்). என் கண்ணில் பட்டது 7. இரண்டு வண்டல் குட்டைகளில் ஒன்றில் முக்கால்வாசி சேறு. நான் என்ன எழுதுவது? எதைச் செய்தால் ‘நிறைவேற்றப்பட்டது’ என்று மனசாட்சியோடு எழுத முடியும்? நாளைக்கு ஏதாவது பிரச்சினை வந்தால் என் தலையில் விழுமா?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பென்டிரைவை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுங்கள். இந்த வேலையில் ஏறத்தாழ முப்பது வருஷம் இருந்துவிட்டேன். நான் பார்த்த குளறுபடிகளில் பாதி, பழைய அறிக்கையில் தேதி மாற்றியதில் ஆரம்பித்தவை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் நகலெடுப்பார், அதை இன்னொருவர் நகலெடுப்பார். பதில் மட்டுமா தேயும்? நிபந்தனையின் வாசகமே தேய்ந்துபோகும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சுரங்கத்தின் அறிக்கையில் "சுற்று வடிகாலும் வண்டல் குட்டையும் தகுந்த அளவில் அமைக்க வேண்டும்" என்று இருந்தது. எதேச்சையாக மூலக் கடிதத்தை எடுத்துப் பார்த்தால், அதே வரி "உச்ச மழைக்கு மேல் 50 சதவீதம் கூடுதல் கொள்ளளவோடு" என்று தொடர்கிறது. அந்த அரை வரி எந்த வருஷத்து நகலில் காணாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. குட்டையையும் அந்த அரை வரி இல்லாமலேயே வெட்டியிருந்தார்கள்.

ஆக, முதல் வேலை மூலக் கடிதத்தைத் தேடுவது. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதி ஒன்று. (சுரங்கம் பழையது என்றால் 1994ஆம் ஆண்டு அறிவிக்கையின் காலத்துக் கடிதமாகவும் இருக்கலாம், இடையில் திருத்தங்கள் வந்திருந்தால் அவையும் சேர்த்து.) மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் தரும் இசைவாணை இன்னொன்று. நிலக்கரி அமைச்சகம் ஒப்புக்கொண்ட சுரங்கத் திட்டமும் அதோடு சேர்ந்த மூடல் திட்டமும் மூன்றாவது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரு முழு நாள் போகும், போகட்டும்.

படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மரமும் அல்ல, தூசியும் அல்ல. ஆண்டுக்கு எத்தனை டன் தோண்டலாம், எத்தனை ஹெக்டேரில் தோண்டலாம் என்ற இரண்டு எண்கள். மூன்று காகிதங்களிலும் அவை ஒத்துப்போகின்றனவா? கன்வேயர் எடைமானி சொல்லும் உற்பத்தி அந்த எண்ணுக்குள் இருக்கிறதா? இது உங்கள் பிரிவின் வேலை இல்லை, உற்பத்திப் பிரிவின் வேலை என்பார்கள். ஆனால் ஒடிசா இரும்புத் தாது வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் என்ன சொன்னது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலோ அதன் அளவை மீறியோ எடுத்த தாதுவின் விலை முழுவதையும், நூற்றுக்கு நூறு, திரும்பக் கட்டச் சொன்ன தீர்ப்பு அது. மற்ற 63 நிபந்தனைகளையும் தங்கத் தட்டில் வைத்து நிறைவேற்றினாலும் இந்த ஒரு எண் தவறினால் எல்லாம் வீண்.

அப்புறம், 64 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் குறைந்தது இருபது வெறும் அலுவலக நிபந்தனைகளாக இருக்கும். அனுமதி கிடைத்த ஏழு நாளில் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தீர்களா, ஊராட்சிக்கு நகல் போனதா, இணையதளத்தில் ஏற்றினீர்களா, சுற்றுச்சூழலுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறீர்களா என்ற வகை. விளம்பரம் வந்த தாளையும் தேதியையும் இணைத்தால் தீர்ந்தது. "அமைச்சகம் பிற்பாடு கூடுதல் நிபந்தனை விதிக்கலாம்" என்ற வகை வரிகளும் சில இருக்கும். அவற்றுக்கு ‘குறித்துக்கொண்டோம்’ என்பதுதான் சரியான பதில். ஆனால் நிலத்தடி நீரை அளக்கச் சொல்லும் நிபந்தனைக்கு ‘குறித்துக்கொண்டோம்’ என்று எழுதியிருந்தால் அது வேடிக்கை. தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனிடம் "காதில் விழுந்தது" என்று சொல்கிற மாதிரி.

சரி, மீதி நாற்பதில் நீங்கள் கால் தேய நடக்க வேண்டியவை மூன்றுதான்: மேலிருந்து வரும் தண்ணீர், கீழிருந்து வரும் தண்ணீர், தோண்டிக் கொட்டிய மண்.

உங்கள் சேற்றுக் குட்டையிலிருந்தே தொடங்குகிறேன். வண்டல் குட்டை எதற்கு? தோண்டிக் கொட்டிய மண்மேட்டிலிருந்தும் சுரங்கப் பள்ளத்திலிருந்தும் மழைநீர் களிமண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது அப்படியே ஓடைக்குப் போனால் ஏரி தூர்ந்துபோகும், வயலில் களி படியும். நடுவில் நிறுத்தி, மண் அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் வெளியே விட வேண்டும். மண் தங்குவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவது குட்டையின் கொள்ளளவு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம் என்றால் 5,400 கன மீட்டர். மழையில் மணிக்கு 900 கன மீட்டர் தண்ணீர் வந்தால் 6 மணி நேரம் நிற்கும். அதே குட்டையில் 2 மீட்டர் உயரத்துக்குச் சேறு நின்றால் மிச்சம் 1,800 கன மீட்டர். தண்ணீர் நிற்பது 2 மணி நேரம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே வரும் களிமண் அவ்வளவு நுண்ணியது. இரண்டு மணி நேரத்தில் அது கீழே இறங்கவே இறங்காது, பால் கலந்த காப்பி மாதிரி வெளியே போகும். ‘வண்டல் குட்டை அமைக்கப்பட்டுள்ளது: நிறைவேற்றப்பட்டது’ என்ற வரி இரண்டு நிலையிலும் அதேதான். அதனால்தான் அந்த வரிக்கு மதிப்பில்லை என்கிறேன்.

என்ன செய்ய வேண்டும்? ஒரு நீளமான மூங்கில் கழி, கொஞ்சம் சிவப்புப் பெயின்ட். அரை மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, குட்டையின் நடுவில் அடித்தரை வரை இறக்கி நட்டுவிடுங்கள். சேறு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மாதம் ஒருமுறை படம் எடுத்து, தேதியோடு கோப்பில் வையுங்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதை ஆரம்பித்தபோது, "என்ன சார், தூண்டில் போடப் போறீங்களா?" என்று கிண்டல் பண்ணினார்கள். ஆனால் அடுத்த வருஷம் தூர்வாரும் டெண்டருக்குக் கணக்குப் பிரிவு ஆட்சேபணை எழுப்பியபோது அந்தக் கழியின் பன்னிரண்டு படங்கள்தான் பேசின. பணம் பத்தே நாளில் வந்தது.

இன்னொன்று, மாதிரி எடுக்கும் நாள். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீருக்கான தேசிய அளவுகோலில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், எண்ணெயும் பிசுக்கும் 10 மில்லிகிராமுக்குள், அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் (pH) 5.5க்கும் 9க்கும் நடுவில். ஆய்வகத்துக்காரர் எப்போது வருகிறார் என்று கவனியுங்கள். வெயில் காயும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து, அசையாமல் நிற்கும் குட்டையின் மேல்மட்டத்தில் ஒரு புட்டி மொண்டுகொண்டு போவார். முடிவு 22 என்று வரும். அது பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை. மழை கொட்டி முடித்த இரண்டாவது மணியில் குட்டையின் வெளிவாயில் (நீர் வெளியேறும் இடத்தில்) மொண்ட தண்ணீர்தான் உங்கள் நிபந்தனைக்கான பதில். வெளிவாயில் ஒரு புட்டியை எப்போதும் தயாராக வைத்திருக்கச் சொல்லி, இரவுக் காவல்காரருக்கே மொண்டு வைக்கப் பழக்குங்கள். மொண்ட நேரத்தை அவர் புட்டியிலேயே எழுத வேண்டும். அவ்வளவுதான்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிசம்பர் அறிக்கை ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்துக்கு. ஜூன் 1 அறிக்கை அக்டோபர் முதல் மார்ச் வரைக்கு. சுரங்கம் கச்சிலோ ராஜஸ்தானிலோ இருந்தால் மழைக்காலம் முழுவதும் டிசம்பர் அறிக்கைக்குள் வந்துவிடும். நெய்வேலி மாதிரி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊரில் டிசம்பர் அறிக்கை வறண்ட பாதியைப் பற்றியது. குட்டையின் உண்மையான பரீட்சை ஜூன் அறிக்கையில்தான் தெரியும். இது புரியாமல் இரண்டுக்கும் ஒரே பத்தியை ஒட்டுகிறவர்கள் ஏராளம். படிக்கிற அதிகாரி கொஞ்சம் கூர்மையானவராக இருந்தால் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

அடுத்தது கீழ்த் தண்ணீர். இதைப் புரிய வைக்க நெய்வேலியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் ஓர் ஆர்ட்டீசியன் நீர்த்தாங்கி, அதாவது அழுத்தத்தில் அடைபட்ட நிலத்தடி நீர் அடுக்கு, இருக்கிறது. அதன் நீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கித் தள்ளுகிறது. 60, 80 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்திவைத்தால் அடியில் எவ்வளவு பாரமோ, அவ்வளவு. மேலே இருக்கும் மண்ணின் கனம்தான் அதை அழுத்திப் பிடித்திருந்தது. மண்ணை எடுத்தால் அடித்தரை வெடித்துக்கொண்டு நீர் பீறிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றி ஆழ்துளைக் குழாய்களை இறக்கி, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் அங்கே தோண்டவே முடியும். 1961இல் முதன்முதலாக நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்த காலத்துப் பிரச்சினை இது. இன்றைக்கும் அதே பிரச்சினைதான். அப்படி இறைக்கும் நீர் அனல் மின் நிலையத்துக்குப் போகிறது, குடிநீருக்குப் போகிறது. மழைநீரும் சேர்ந்து ஓடைகளில் இறங்கி வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கம் பாசனத்துக்கும் போகிறது. இந்த ஒரு கதையிலேயே ஒரு சுரங்கம் சுற்றுவட்டாரத்துக்குத் தண்ணீரைக் கொடுப்பதும் எடுப்பதும் ஒன்றாகத் தெரியும்.

இதனால்தான் சுற்றுச்சூழல் அனுமதிகளில் வழக்கமாக இரண்டு நிபந்தனைகள் ஜோடியாக வரும். ஒன்று, கிணறுகளும் பீசோமீட்டர்களும் கொண்ட வலைப்பின்னல் அமைத்து நீர்மட்டத்தை வருஷத்தில் நான்கு முறை (மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரி) அளக்க வேண்டும். தரத்தை மே மாதத்தில் பார்க்க வேண்டும். இன்னொன்று, சுரங்கம் நீர் இறைப்பதால் பக்கத்துக் கிராமத்துக் கிணறுகள் வற்றினால், அந்தக் கிராமத்துக்கு நிர்வாகம்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும். முதல் நிபந்தனை செத்தால் இரண்டாவதும் செத்தது. அளவு இல்லாதபோது வற்றியது சுரங்கத்தாலா, பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லாலா என்று யார் சொல்வது? ஊர்க்காரர் சுரங்கத்தைக் கைகாட்டுவார், சுரங்கம் வானத்தைக் கைகாட்டும். நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசியவன். இருவருமே சில சமயம் சரி, சில சமயம் தவறு. எழுதிவைத்த எண் மட்டும்தான் அந்தப் பேச்சை முடித்திருக்கிறது.

உங்கள் 12 பீசோமீட்டரில் கண்ணில் பட்ட 7ஐ முதலில் சோதியுங்கள். கண்ணில் படுவது வேறு, வேலை செய்வது வேறு. ஓரிடத்தில் ஒரு பீசோமீட்டரின் பதிவேட்டைப் புரட்டினேன். மே மாதம் 18.4 மீட்டர், நவம்பரிலும் 18.4, அடுத்த மேயிலும் 18.4. கடலே ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இறங்குகிறது, இந்தக் குழாய் மட்டும் இரண்டு வருஷமாக அசையவில்லை! போய் மூடியைத் திறந்து, டேப்பை இறக்கினால் 18.4இல் ‘டொக்’ என்று நின்றது. பக்கத்தில் ஆடு மேய்க்கும் பையன்கள் உள்ளே கல்லைப் போட்டு எதிரொலி கேட்டு விளையாடியிருக்கிறார்கள். அளந்தவர் இரண்டு வருஷமாகக் கல்லைத்தான் அளந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. டேப்பில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். மட்டம் ஏறி, மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு இறங்கினால் குழாய் உயிரோடு இருக்கிறது. ஏறியது அப்படியே நின்றால் அடைப்பு. பிறகு அது எந்த நீர்த்தாங்கியில் திறந்திருக்கிறது என்று துளையிட்டபோது எழுதிய பதிவில் பாருங்கள். ஊர்க்காரரின் திறந்த கிணறு மேல்மட்ட நீரில் இருக்கும். நீங்கள் அழுத்தம் குறைப்பது படிவத்துக்கு அடியிலுள்ள நீரில். இரண்டுக்கும் தனித்தனிக் குழாய்கள் வேண்டும். கீழ்த்தாங்கியை மட்டும் அளந்துவிட்டு "ஊர்க் கிணற்றுக்குப் பாதிப்பில்லை" என்று எழுதுவது, தலைவலிக்காரனின் காலைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் இல்லை என்பது போல. காணாமல் போன ஐந்தும் பெரும்பாலும் சுரங்கம் முன்னேறிய திசையில்தான் போயிருக்கும், தோண்டும்போது அவையும் சேர்ந்து வெட்டப்பட்டிருக்கும். அது தப்பில்லை. அதற்குப் பதில் புதிது போடாததுதான் தப்பு.

ஊருக்குள் நான்கைந்து கிணறுகளையும் பட்டியலில் சேருங்கள். கிணற்று விளிம்பில் ஒரே இடத்தில் பெயின்ட் அடையாளம் வைத்து, மோட்டார் ஓடி நின்ற உடனே அளக்காமல் காலையில் தண்ணீர் எடுப்பதற்கு முன்னால் அளந்து, கிணற்றுக்குரியவரிடம் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். "எதுக்குக் கையெழுத்து?" என்று சந்தேகப்படுவார்கள். எண்ணை அவர்களுக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். மூன்றாவது முறை போகும்போது மோர் கொடுப்பார்கள்.

மண்ணைப் பற்றி. ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு அதன் மேலே கிடக்கும் ஐந்தாறு கன மீட்டர் மண்ணை அள்ள வேண்டியிருக்கும் தொழில் இது. உண்மையில் நாம் நடத்துவது மண் சுரங்கம், நிலக்கரி அதில் கிடைக்கும் உபரி. இதில் மேலாக இருக்கும் ஓரடி மண்தான், மேல்மண்தான், உயிருள்ளது. அதைத் தனியாக வழித்து, தனியாகக் குவித்து, முடிந்தவரை சீக்கிரம் நிரப்பிய இடத்தின் மேல் பரப்ப வேண்டும் என்பது நிபந்தனை. நடப்பது என்ன? பக்கெட் வீல் என்ற பெரிய சக்கர வெட்டு எந்திரம் ஒரே படியில் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி, மண்ணைக் கொட்டிப் பரப்பும் ஸ்பிரெடருக்கு அனுப்பிவிடும். மேல்மண் அடியிலும் அடிக்களி மேலேயும் போய்விடும். அப்புறம் அந்தக் களிமேட்டில் வருஷா வருஷம் கன்று நட்டு, வருஷா வருஷம் காய விடுவோம். வழித்தெடுக்கத் தனியே டோசரும் டிப்பரும் ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். குவித்த இடத்துக்கு ஒரு பலகை, அதில் கன மீட்டர் அளவு, குவித்த தேதி. பலகை இல்லாத மேல்மண் குவியல் பெரும்பாலும் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

கன்றுகளுக்கு ஹெக்டேருக்கு 2,500 என்று பெரும்பாலான அனுமதிகளில் இருக்கும். அதாவது ஒரு கன்றுக்கு 4 சதுர மீட்டர். பத்துக்குப் பத்து மீட்டரில் கயிறு கட்டி எண்ணினால் உயிரோடு 25 இருக்க வேண்டும். நட்ட எண்ணிக்கையை எழுதாதீர்கள். அது நாற்றங்கால் ரசீது. மூன்று இடத்தில் கயிறு கட்டி எண்ணி, உயிரோடிருப்பதை எழுதுங்கள். மேட்டின் ஒட்டுமொத்தச் சரிவு 28 பாகைக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். சர்வே பிரிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். தோராயமாகப் பார்க்க உங்கள் கைபேசியே போதும். தாண்டுகிறது என்று பட்டால் உடனே எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் அது மரக்கன்று விஷயம் இல்லை, மழையில் சரிந்தால் ஆள் உயிர் விஷயம்.

தூசிக்கும் சத்தத்துக்கும் நீண்ட உரை தேவையில்லை. காற்றில் பிஎம் 10 (10 மைக்ரானுக்குள் இருக்கும் நுண்தூசி) 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள். சத்தம் பகலில் 75 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 70. தூசி அளக்கும் கருவி காற்று வீசும் திசையில் இருக்கிறதா, அல்லது மின்சாரம் வசதியாகக் கிடைக்கிறது என்று விருந்தினர் விடுதி மாடியில் வைத்திருக்கிறார்களா, அதை மட்டும் பாருங்கள். சத்தம் பெரும்பாலும் தேய்ந்த கன்வேயர் உருளைகளிலிருந்து வரும். பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு தாள் எழுதினால் தீரும். மணற்பாறையை உடைக்க வெடி வைக்கிறீர்கள் என்றால் ஊர் வீடுகளில் அதிர்வைப் பதிவு செய்யுங்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, குறைந்த அதிர்வெண்ணில் குடியிருப்பு வீட்டுக்கு நொடிக்கு 5 மில்லிமீட்டர்தான் எல்லை. பழுப்பு நிலக்கரி குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் புகையும், தெரியும்தானே. கோடையில் பழைய குவியல் ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு பார்வை.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்வி: என்ன எழுதுவது?

உள்ளதை எழுதுங்கள், ஆனால் முழுதாக எழுதுங்கள். "நிறைவேற்றப்படவில்லை" என்று மொட்டையாக எழுதினால் அது நேர்மை மாதிரி தெரியும், பயன் ஒன்றும் இல்லை. ஏழும் சோதனையில் தேறி, மற்ற ஐந்தும் வெட்டப்பட்டவைதான் என்று உறுதியானால், உங்கள் பீசோமீட்டர் நிபந்தனைக்கு நான் இப்படி எழுதுவேன்: "பகுதியளவு நிறைவேற்றப்பட்டது. அனுமதிக்கப்பட்ட 12 பீசோமீட்டர்களில் 7 பயன்பாட்டில் உள்ளன (இடமும் அளவும் இணைப்பில்). 5 சுரங்க முன்னேற்றத்தில் அகற்றப்பட்டன. மாற்று 5க்கான இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. பணி ஆணை இன்ன தேதியில் அனுப்பப்பட்டது. இன்ன மாதத்துக்குள் முடியும்." இதைப் படிக்கிற அதிகாரிக்குக் கோபம் வராது. அவர் நூறு அறிக்கை பார்க்கிறவர், எல்லாவற்றிலும் ‘நிறைவேற்றப்பட்டது’ என்றிருக்கும் அறிக்கைதான் அவருக்குச் சந்தேகம் தரும். ஆனால் பணி ஆணை போகாமலேயே போனதாக எழுதாதீர்கள். அறிக்கைக்கு முன்னால் அந்தத் தாளை நகர்த்துவதுதான் உங்கள் அக்டோபர் மாத வேலை.

மேலதிகாரி இதை ஒப்புக்கொள்வாரா? அவரிடம் போய் நேர்மையைப் பற்றிப் பேசாதீர்கள். அவர் உங்களைவிட இருபது வருஷம் மூத்தவர், அதையெல்லாம் கேட்டிருப்பார். விரிவாக்கத்தைப் பற்றிப் பேசுங்கள். நாளைக்கு உற்பத்தியைக் கூட்டவோ பரப்பை விரிக்கவோ விண்ணப்பித்தால், பழைய நிபந்தனைகளின் நிலை குறித்து அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் நேரில் வந்து பார்த்துச் சான்றளித்த அறிக்கை கேட்பார்கள். அன்றைக்கு அவர்கள் கையில் உங்கள் பத்து வருஷ அரையாண்டு அறிக்கைகளும் இருக்கும். பன்னிரண்டு குழாய் எங்கே என்று கேட்டால் ஏழுதான் காட்ட முடியும். தவறான தகவல் தந்து வாங்கிய அனுமதியை ரத்து செய்ய 2006 அறிவிக்கையிலேயே இடம் இருக்கிறது. இதைச் சொல்லிப் பாருங்கள், பென்டிரைவை அவரே திரும்பக் கேட்பார்.

உங்கள் தலையில் விழுமா என்பதற்கு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் நிறுவனம் தவறு செய்தால் அப்போது தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் பக்கம்தான் முதலில் பார்வை போகும். முன்பு இதற்குச் சிறைத் தண்டனை இருந்தது. 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரல் முதல், ரூ.10,000 முதல் ரூ.15 லட்சம் வரை அபராதம் என்று மாறியிருக்கிறது. அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள் இல்லை என்றால் பெரும்பாலும் உங்களிடம் வராது. ஆனாலும் தெரிந்தே பொய்யை எழுதித் தயாரித்தவர் என்று உங்கள் பெயர் கோப்பில் நிற்க வேண்டாம். நீங்கள் சுற்றிப் பார்த்த ஒரு வாரத்தை ஒரு பக்கக் குறிப்பாக, தேதி போட்டு, படங்களோடு, மேலதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். "களப் பார்வைக் குறிப்பு, தங்கள் கவனத்துக்கு" என்று போதும். ஒப்பந்த வேலைதானே, இதைச் செய்தால் புதுப்பிக்க மாட்டார்களோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயம் வராது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒருமுறை மேசையை மாற்றினார்கள். குட்டை, கழி எதுவும் இல்லாத ஒரு மூலைக்கு. ஒன்பது மாதம் கழித்து, ஒரு ஆய்வு வரப்போகிறது என்றதும் அவர்களே கூப்பிட்டார்கள்.

மூடல் நிதி, கடைசியில் மிஞ்சும் பள்ளத்தின் ஆழம் பற்றியெல்லாம் உங்கள் பட்டியலில் நாலைந்து வரி இருக்கும். 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலிருந்து ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று, மூடும் செலவுக்காகத் தனியே பூட்டி வைக்கும் எஸ்க்ரோ வங்கிக் கணக்கில் பணம் போட்டாக வேண்டும். வங்கி ரசீதைக் கணக்குப் பிரிவில் வாங்கி இணையுங்கள். இந்த அறிக்கைக்கு அது போதும், அடுத்த வருஷம் விரிவாகப் பார்க்கலாம்.

சுரங்கம் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. வடக்கே என்றால் மழை முடிந்துவிட்டது. சேறு இறுகி நிற்கும் இந்த நேரத்திலேயே எக்ஸ்கவேட்டரை இறக்கித் தூர்வாரிவிடலாம், டிசம்பர் அறிக்கையிலேயே முன், பின் படங்களைப் போடலாம். தெற்கே என்றால் இப்போது முழுதாகத் தூர்வார நேரமில்லை, வண்டி சேற்றில் மாட்டும். வெளிவாயின் மட்டத்தை மணல் மூட்டை அடுக்கி அரை மீட்டர் உயர்த்துங்கள். கரை தாங்குமா என்று சிவில் ஆளிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வரும் வாய்க்காலில் இரண்டு இடத்தில் கல் தடுப்புப் போட்டு வேகத்தைக் குறையுங்கள். கழியை இந்த வாரமே நட்டுவிடுங்கள். முதல் மழை பெய்த அன்று இரவு எழுந்து போய் வெளிவாயில் ஒரு புட்டி மொண்டு வாருங்கள். எவ்வளவு வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.